வசந்தத்தில் புதைக்கலாம்

முகாம், ஹியர்ஃபோர்ட் அருகில், இங்கிலாந்து
11 மே 1947

அன்புள்ள புரோன்கா அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குத் தோத்திரம். கடவுள் புண்ணியத்தில் நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். இதை எழுதுவது உன் தம்பி லுத்விக். பேய் எழுதுகிறது என்று நினைத்துக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடாதே.

எட்டு வருடக் கதை ஒரு தாளில் அடங்காது. முதலில் ரஷ்யர்கள் பிடித்து வடக்கே மரம் வெட்ட அனுப்பினார்கள். பிறகு அவர்களே அவிழ்த்துவிட்டார்கள். பாரசீகத்தில் நம் ராணுவத்தில் சேர்ந்தேன். இத்தாலியில் காலில் குண்டு பட்டது. சண்டை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் எங்களை இங்கே கொண்டுவந்து தகரத்தை வளைத்துக் கவிழ்த்த குடில்களில் வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் உள்ளே பேச்சு கேட்காது. இந்த நாட்டில் மழை நிற்பதே இல்லை. அதனால் நாங்கள் எல்லோரும் கத்தியே பேசுகிறோம்.

செவெரினாவுக்குப் பழைய வீட்டு முகவரியில் பல கடிதங்கள் போட்டேன். பதில் இல்லை. வீடு நிற்கிறதா அக்கா? அவளும் ஹன்காவும் எங்கே? விட்டு வரும்போது குழந்தைக்கு மூன்று வயது. பதினொரு வயதுப் பெண்ணாக நினைத்துப் பார்க்க முயல்கிறேன். முகம் வரமாட்டேன் என்கிறது. செவெரினா பேச்சு சுவாரசியத்தில் பீட்ரூட் சூப்பில் இரண்டு தடவை உப்புப் போடுவாளே, அந்தச் சூப்புக்கு நாக்கு ஏங்குகிறது. இங்கே சமையல்காரன் ஒரு தடவைகூடப் போடுவதில்லை.

நல்லதோ கெட்டதோ, ஒரு வரி எழுது. தாங்கிக்கொள்வேன்.

உன் தம்பி,
லுத்விக்


ஓல்ஷானி, தார்னுவ் அருகில்
20 ஜூலை 1947

அன்புத் தம்பிக்கு,

தோத்திரம். நான் நலம். என் மூட்டுவலியும் நலம்.

உன் கடிதம் வந்தபோது கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். தட்டை அப்படியே கீழே போட்டுவிட்டேன். கோழிகளுக்கு அன்று பண்டிகை. நீ இத்தாலியில் செத்துப்போனாய் என்று திரும்பி வந்த ஒருவன் சத்தியம் செய்தான். பூசை வைத்தோம், அழுதோம், எல்லாம் ஆயிற்று. அந்தப் பயலை இப்போது பார்த்தால் காதைத் திருகுவேன்.

செவெரினாவும் ஹன்காவும் உயிரோடு இருக்கிறார்கள், சுகமாக இருக்கிறார்கள். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். ஹன்கா உயரம். மூக்கு உன் மூக்கு, பாவம். வீடு எரிந்துவிட்டது. அவர்கள் இப்போது ரயில் சந்திப்பு பக்கம் இருக்கிறார்கள். செவெரினாவிடம் நான் பக்குவமாகச் சொல்கிறேன். செத்தவன் எழுந்து வந்தான் என்று திடீரென்று சொல்ல முடியாது அல்லவா.

ஒன்று கேள். அவர்களுக்கு நேரே எழுதாதே, எனக்கே எழுது. உங்கள் ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பத்தை இங்கே புது ஆட்சியின் போலீஸ் கண்வைத்துப் பார்க்கிறது. உறையின் மேல் உன் பெயரும் வேண்டாம். வின்சென்டி என்று போடு. பெரியம்மா மகன், பெல்ஜியத்துச் சுரங்கத்துக்குப் போய்த் திரும்பாதவன். ஊரில் யாருக்கும் அவன் முகம் தெரியாது. தபால்காரன் வாய் ஓட்டை வாய், தெரியுமே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
புரோன்கா


முகாம்
26 அக்டோபர் 1947

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். சளியைத் தவிர வேறு குறையில்லை. உன் மூட்டுகள் எப்படி?

பக்குவமாகச் சொல்கிறேன் என்று எழுதினாய். மூன்று மாதம் ஆயிற்று. இவ்வளவு பக்குவம் ஊறுகாய்க்குக்கூடத் தேவையில்லை. அவள் கையால் ஒரு வரி வேண்டும் அக்கா.

இங்கே யாரும் பெட்டியை அவிழ்ப்பதில்லை. வசந்தத்தில் புதிய யுத்தம் வரும், நாம் ரஷ்யர்களை ஜெயித்து ஊருக்குத் திரும்புவோம் என்று கர்னல் சொல்கிறார். போன வசந்தத்திலும் இதைத்தான் சொன்னார். பெலிக்ஸ் என்று என் குடில்காரன், நல்ல மனிதன், மறதிக்காரன். அவன் வாசலில் ஓர் ஆப்பிள் கன்று நட்டான். அது காய்க்க ஐந்து வருடம் ஆகுமே, அதுவரை இங்கேயே கிடக்கப்போகிறோம் என்கிறாயா துரோகி என்று பாதி முகாம் அவனோடு பேசுவதில்லை.

தர்மப் பெட்டியில் ஒரு சின்னச் சிவப்புச் செருப்பு வந்தது. நான் விட்டு வந்த அன்று ஹன்கா போட்டிருந்த அளவு. இப்போது அவள் காலுக்கு ஆகாது என்று தெரியும். விட மனம் வரவில்லை. அனுப்பியிருக்கிறேன். யார் குழந்தைக்காவது கொடுத்து வேறு ஏதாவது மாற்றிக்கொள்ளச் சொல்.

செங்கல் சூளையில் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு அறை பிடித்தால் அவர்களை இங்கே வரவழைக்கலாம். செவெரினாவிடம் கேட்டுச் சொல்.

லுத்விக்


ஓல்ஷானி
14 டிசம்பர் 1947

அன்புத் தம்பிக்கு,

தோத்திரம். குளிர் கடுமை. கிணற்று வாளி உறைந்து கிடக்கிறது. நீ கம்பளி உடுத்துகிறாயா?

கோவிலில் வாங்கிய கிறிஸ்மஸ் அப்பம் உறைக்குள் இருக்கிறது; காகிதம் போல மெலிசு, பார்த்துப் பிரி. வழக்கப்படி மூலையை உடைத்துத் தின்றுவிட்டு அனுப்புகிறேன். மிச்சம் உனக்கு. தூரத்தில் இருந்தாலும் ஒரே அப்பத்தைத் தின்றவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள்தான். பண்டிகை இரவு வராத விருந்தாளிக்கென்று காலித் தட்டு வைப்போமே, இந்த வருடம் அதற்குக் கரண்டியும் வைப்பேன்.

செருப்பு வீணாகவில்லை. வீட்டிலேயே அதற்கு ஒரு கால் இருந்தது. முன்னால் துணி அடைத்துப் போட்டால் சரியாக இருக்கிறது.

ஹன்கா கணக்கில் கெட்டிக்காரி. செவெரினா முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடுகிறது. யுத்தத்தில் எலும்பாக இருந்தாள். நீ அவளை இப்போது பார்த்தால் சந்தோஷப்படுவாய்.

வேறு விசேஷமில்லை.

புரோன்கா


முகாம்
22 பிப்ரவரி 1948

அக்காவுக்கு,

தோத்திரம். நலம்.

அப்பத்தில் ஒரு மூலைதான் உடைந்திருந்தது. அது உன் மூலை. மற்ற இரண்டு பேர் ஏன் உடைக்கவில்லை? ராத்திரி முழுவதும் அந்த அப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் என்று சொன்னால் பெலிக்ஸ் சிரிக்கிறான். நீ சிரிக்க மாட்டாய்.

எந்த வீட்டில் அக்கா செருப்புக்குக் கால் இருந்தது? உன் வீட்டில் கோழிக்குத்தான் கால் இருக்கிறது.

எனக்கு ஒரு வரி எழுதாத அளவுக்கு செவெரினாவுக்கு என்ன கோபம்? எட்டு வருடம் நான் உல்லாசப் பயணமா போனேன்?

இங்கே ஒரு கூத்து. ராணுவத்தில் பயிற்சிப் படங்கள் எடுத்த கேப்டன் குதோவ்ஸ்கியிடம் ஒரு கேமராவும் மிச்சச் சுருளும் இருக்கின்றன. எங்களை வைத்தே சினிமா எடுக்கிறார். பெயர் ‘வசந்தத்தில் புதைக்கலாம்’. முகாமில் ஒரு மேஜர் செத்துப்போகிறார். அந்நிய மண்ணில் புதைப்பதா, வசந்தத்தில் ஊருக்குப் போய்த்தான் புதைப்போம் என்று நண்பர்கள் சவப்பெட்டியைக் குடிலிலேயே வைத்துக்கொள்கிறார்கள். வசந்தம் போகிறது, அடுத்த வசந்தம் வருகிறது. பெட்டியின் மேல் சீட்டாடுகிறார்கள், சட்டை இஸ்திரி போடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள். கணக்கெடுக்க வந்த அதிகாரி அதை மேசை என்று எழுதிக்கொண்டு போகிறார். கதையைக் கேட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பதில் போடு.

லுத்விக்


முகாம்
13 ஜூன் 1948

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். நலம், செத்துப்போனதைத் தவிர.

பயப்படாதே. சினிமாவில் பிணமாக நடித்துவிட்டேன். கேப்டன் எங்களை வரிசையில் நிறுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

“லுத்விக், நீ வாய்யா. ஊரெல்லாம் தேடினாலும் இப்படி ஒரு பிணக்களை கிடைக்காது.”

“எனக்கு நடிக்கத் தெரியாது சார்.”

“அதான்யா வேணும். நீ ஒண்ணுமே பண்ணாத. மூச்சை மட்டும் கொஞ்சம் மெதுவா விடு.”

ராணுவ இறைச்சி டப்பாக்கள் வந்த பலகையில் தச்சர் பெட்டி செய்தார். உள்பக்கம் ‘ஈரம் படாமல் வைக்கவும்’ என்ற எழுத்து அப்படியே இருக்கிறது. முகாம் சாமியாரே சாமியாராக நடித்தார். மனிதருக்கு நடிப்பு வரவில்லை, நிஜ ஜெபத்தையே சொல்லிவிட்டார். கர்னல் மனைவி யுஸ்தினா அம்மாள் என் தலைமாட்டில் அழ வேண்டும். கேமரா நின்ற பிறகும் அழுகை நிற்கவில்லை.

“போதும்மா, நிறுத்துங்க, சுருள் தீந்துருச்சு” என்றார் கேப்டன்.

“நீங்க சொன்னா நிக்கிற அழுகையா தம்பி இது?” என்றாள்.

அவள் மகன் வார்சாவில் செத்தான். எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது. நான் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டு கிடந்தேன். சுற்றி நின்ற எல்லாரும் அவரவர் பிணத்துக்கு அழுதார்கள். பெட்டி ஒன்றுதான் இருந்தது.

முடிந்ததும் ஊரில் எடுப்பதுபோல ஒரு படம் எடுத்தோம். திறந்த பெட்டி, கையில் ஜெபமாலை, மெழுகுவத்தி, சுற்றிலும் ஜனங்கள். அது தடிமனான அட்டை, அதனால் தனி உறையில் வருகிறது. நாளை பெலிக்ஸ் டவுனுக்குப் போகிறான். முகவரி எழுதி இரண்டையும் தபாலில் சேர்ப்பான். படத்தைச் செவெரினாவிடம் காட்டு. தூங்கினால் பிணம் மாதிரி கிடக்கிறீங்க என்று அவள்தான் சொல்வாள். சிரிக்கட்டும். சிரித்தால் கோபம் போய்விடும்.

லுத்விக்


முகாம்
6 செப்டம்பர் 1948

அக்கா,

தோத்திரம். நலமா? நலம் என்று ஒரு சொல் எழுதினால் குறைந்தா போய்விடுவாய்?

இன்றுதான் தெரிந்தது. மழைக்கோட்டைத் துவைக்கப் பெலிக்ஸின் பையைத் துழாவினேன். ஜூன் மாதக் கடிதம் உள்ளேயே கிடக்கிறது. படத்தை மட்டும் போட்டானாம், கடிதத்தை மறந்தானாம். மூன்று மாதம்! அவனை அடிக்கப் போனேன். பாவம், தானே தலையில் அடித்துக்கொண்டான். அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். வெறும் படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் என்ன நினைத்தீர்களோ! உடனே எல்லாருக்கும் சொல்லிவிடு.

இனி நான் காத்திருக்கப்போவதில்லை. நவம்பரில் நம் நாட்டுக்குப் போகும் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கர்னல் என்னோடு கைகுலுக்க மறுத்துவிட்டார். அங்கே விசாரணை இருக்கலாம், ஜெயிலும் இருக்கலாம். இருக்கட்டும். ஜெயிலுக்காவது செவெரினா ஒரு தூக்குவாளியில் சூப் கொண்டுவருவாள்.

வருகிறேன் என்று அவளிடம் சொல்.

லுத்விக்


ரயில் சந்திப்புக் குடியிருப்பு, தார்னுவ் அருகில்
9 செப்டம்பர் 1948

மரியாதைக்குரிய வின்சென்டி அண்ணனுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குத் தோத்திரம். நாங்கள் சுகம். தங்கள் சுகம் அறிய விரும்புகிறேன்.

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நான் லுத்விக்கின் மனைவி செவெரினா. அண்ணன் என்று கூப்பிட உரிமை எடுத்துக்கொள்கிறேன். ஜூலையில் புரோன்கா அக்கா மார்புச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் இருந்தார். கோழிகளைப் பார்த்துக்கொள்ள நான் அவர் வீட்டில் இருந்தபோது உங்கள் பெயர் போட்ட உறை வந்தது. அவசரச் செய்தியோ என்று பிரித்துவிட்டேன். கடிதம் எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பியதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. சில செய்திக்கு வார்த்தை வராது.

நான்கு வருடத்துக்கு முன்பே அவர் போய்விட்டார் என்று அழுது முடித்திருந்தோம். இவ்வளவு நாள் இருந்திருக்கிறார் என்பதும், இல்லாமல் போய்விட்டார் என்பதும் ஒரே உறையில் வந்தன. ஒரே ஆளுக்கு இரண்டு தடவை கறுப்புத் துணி உடுத்தியவள் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான்.

உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மூன்று வருடமாக நான் வாலென்டி என்பவரோடு வாழ்கிறேன். ரயில்வேயில் சைகை கொடுப்பவர். மனைவியைக் குண்டுவீச்சில் இழந்தவர். நானும் ஹன்காவும் பசியில் கிடந்தபோது தன் ரொட்டியை வெட்டிக் கொடுத்தவர். எங்களுக்கு யாசெக் என்று ஒரு பையன். சாவுக்கு அத்தாட்சி இல்லாததால், தடை உண்டா என்று கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கச் சாமியார் ஒப்பவில்லை. நான் பூசையில் நன்மை வாங்குவதில்லை, கல்யாணமில்லாமல் வாழ்பவளுக்கு அது கிடையாது. ஹன்கா புதுநன்மை வாங்கிய அன்றுகூடத் தூணுக்குப் பின்னால்தான் நின்றேன்.

படத்தைச் சாமியாரிடம் காட்டினேன். “பாத்தேம்மா. ஆனா படம் பேசாது. பக்கத்துல இருந்த ஒருத்தர் ரெண்டு வரி எழுதட்டும். அடுத்த ஞாயிறே ஓலை வாசிச்சிடறேன்” என்றார்.

ஓலைக்காக மட்டும் எழுதுவதாக நினைக்காதீர்கள். எனக்குத் தெரிய வேண்டும். அவர் கஷ்டப்பட்டாரா? சாமியார் வந்தாரா? கண்ணை யார் மூடினார்கள்? தலைமாட்டில் அழும் அந்த அம்மாள் யார்? எங்களுக்கு ஏன் ஒரு வரி எழுதவில்லை? என்னைப் பற்றிப் பேசினாரா?

ஹன்காவுக்கு அப்பா முகம் நினைவில்லை. இந்தப் படத்தில்தான் முதல் தடவை பார்க்கிறாள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
செவெரினா


ஓல்ஷானி
27 செப்டம்பர் 1948

தம்பி,

தோத்திரம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டேன். மூச்சு இன்னும் இரைக்கிறது.

உன் இரண்டு கடிதமும் வந்தன. உன் சாவுக்கு இரண்டு மாதம் அழுதேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்ததும் அழுதேன். எதற்கு அதிகம் அழுதேன் என்று கேட்காதே.

செவெரினா உனக்கு எழுதியிருக்கிறாள் என்று இப்போதுதான் சொன்னாள். உனக்கு இல்லை, வின்சென்டிக்கு. படித்திருப்பாய். நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்ததை அவள் நேராகச் சொல்லியிருப்பாள். அவளுக்கு நீ இருப்பது இன்றுவரை தெரியாது. உன் பெயர் உறையில் வேண்டாம் என்றது போலீசுக்குப் பயந்து அல்ல.

உன் முதல் கடிதம் வந்த மறுநாளே அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் வாலென்டி முட்டிபோட்டுக் குதிரையாக நின்றான். மேலே யாசெக். ஹன்கா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, கனைங்க! சத்தமா கனைங்க!” என்று கத்தினாள். செவெரினா கதவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். யுத்தம் தொடங்கிய பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. “என்னக்கா திடீர்னு?” என்றாள். “உப்பு தீந்துருச்சு, கொஞ்சம் குடு” என்றேன். உப்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை போனேன், எத்தனை தடவை உப்பு வாங்கினேன்! அலமாரியில் குவிந்து கிடக்கிறது.

உன் சிவப்புச் செருப்பு யாசெக் காலில் இருக்கிறது.

படம் வந்த பிறகு வாலென்டி என் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். “அவரு உசுரோட வந்திருந்தா நான் கதவைத் தொறந்து விட்டுட்டுப் போயிருப்பேன்க்கா. ஒரு சொல்லு பேசியிருக்க மாட்டேன்” என்றான். செய்வான். அதுதான் எனக்குப் பயம். அவன் போய்விட்டால் அந்த வீட்டில் எது மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ ஜெயிலுக்குப் போய்விட்டால் எதுவுமே மிஞ்சாது.

ஆனால் நீ என் தம்பி. அவளுக்குக் கோவிலில் மோதிரம் போட்டவன். கேட்க உனக்கு உரிமை உண்டு. நீ வருகிறேன் என்றால் நாளைக்கே போய் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவள் என் முகத்தில் காறித் துப்பட்டும். நான் முடிவு சொல்ல மாட்டேன். ஏற்கெனவே அதிகம் முடிவு செய்துவிட்டேன்.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் மாவுப் பானையில் ஒளித்து வைத்திருக்கிறேன். எரிக்க மனம் வரவில்லை.

புரோன்கா


முகாம்
2 நவம்பர் 1948, ஆன்மாக்கள் திருநாள்

மரியாதைக்குரிய செவெரினாவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குத் தோத்திரம். தாங்களும் குழந்தைகளும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். செங்கல் சூளையில் கையில் அடிபட்டிருப்பதால் நான் சொல்ல, நண்பர் பெலிக்ஸ் எழுதுகிறார்.

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். நான் லுத்விக்குக்கு மிக அருகில் இருந்தேன். என்னைவிட அருகில் யாரும் இல்லை.

அவர் கஷ்டப்படவில்லை. அசையாமல் கிடந்தார். சாமியார் வந்தார், முழு ஜெபமும் சொன்னார், ஒரு வார்த்தை விடவில்லை. கண்ணை யாரும் மூட வேண்டியிருக்கவில்லை, அவரே மூடிக்கொண்டார். பெட்டியை எங்கள் தச்சர் நல்ல பலகையில் செய்தார். ஈரம் படாமல் வைத்தோம். தலைமாட்டில் இருப்பவர் யுஸ்தினா அம்மாள். மகனை இழந்தவர். சொந்தப் பிள்ளைக்கு அழுவதுபோலவே அழுதார்.

உங்களுக்கு எழுதவில்லை என்று அவர்மேல் வருத்தம் வேண்டாம். எழுதினார். பல கடிதங்கள் எழுதினார். அவை உங்கள் கைக்கு வந்து சேரவில்லை. அந்த நாளில் தபால் அப்படி. அதற்கு யாரையும் நோக வேண்டாம்.

உங்களைப் பற்றிப் பேசினாரா என்றால், பேசாத நாள் எனக்கு நினைவில்லை. பேச்சு சுவாரசியத்தில் சூப்பில் இரண்டு தடவை உப்புப் போடுவீர்களாம். அதை யாரும் குறை சொன்னால் சண்டைக்கு வருவார். ஊர் திரும்புவதற்குக் கப்பலுக்குப் பெயர்கூடக் கொடுத்திருந்தார்.

வாலென்டி அவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பசித்த குழந்தைக்கு ரொட்டி கொடுத்தவரை லுத்விக் ஒருநாளும் பகையாக நினைக்க மாட்டார். இது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது, ஆனால் நிச்சயமாகத் தெரியும். அவரை ஹன்கா அப்பா என்றே கூப்பிடட்டும். அவருக்கு நன்றாகக் கனைக்க வருமாமே.

ஹன்காவிடம் சொல்லுங்கள்: அந்தப் படத்தில் இருப்பது அவள் அப்பாவின் நல்ல முகம் அல்ல. அவர் அதிகம் சிரிப்பவர். படத்தை அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்கட்டும்.

சாமியாருக்கான வரிகள்: லுத்விக் ஸ்ரோகா சவப்பெட்டியில் வைக்கப்பட்டதை அருகில் இருந்து அறிந்தவன் நான். அவர் இனித் திரும்பி வரமாட்டார். செவெரினாவின் கல்யாணத்துக்குத் தடை சொல்ல எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை.

தங்கள் அண்ணன்,
வின்சென்டி

(இதோடு தனியாக மடித்து, ஒரு துண்டுத் தாள்)

அக்கா, இது உனக்கு மட்டும். படித்ததும் எரித்துவிடு, மாவுப் பானையில் போடாதே.

ஒரு மாதம் உன்மேல் கொலைவெறியில் இருந்தேன். வாலென்டியை மனத்தில் எத்தனை தடவை கொன்றேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் முட்டிபோட்டுக் குதிரையாக நிற்கிறான், அக்கா. குதிரையை எப்படிக் கொல்வது?

வலிக்கிறது. இத்தாலியில் பட்ட குண்டுகூட இப்படி வலிக்கவில்லை. இனி அதைப் பற்றி எழுத மாட்டேன்.

கப்பலுக்குக் கொடுத்த பெயரை எடுத்துவிட்டேன். கர்னல் என்னைக் கட்டிப்பிடித்து, “நீ தேசபக்தன்யா!” என்றார். அவருக்கு என்ன தெரியும். பெலிக்ஸின் ஆப்பிள் கன்றுக்கு இப்போது நானும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

உப்பை ஊறுகாய்க்கு உபயோகப்படுத்து.

லுத்விக் என்று இனி எழுதாதே.


ஓல்ஷானி
12 டிசம்பர் 1948

அன்புள்ள வின்சென்டிக்கு,

தோத்திரம். நாங்கள் எல்லாரும் சுகம். உன் அடிபட்ட கை ஆறிவிட்டதா?

உன் கடிதத்தைச் சாமியார் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று ஓலையும் வாசித்தாயிற்று. யாரும் தடை சொல்லவில்லை. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்துக் கல்யாணம். செவெரினா உன் கடிதத்தை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டாள். சூப்பு பற்றி எழுதியிருந்த இடத்தில் சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. அவளுக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

கம்பளிக் கையுறை பின்னி அனுப்பியிருக்கிறேன். ஒழுங்காகப் போட்டுக்கொள். சூளைச் சூட்டிலிருந்து நேரே குளிரில் வராதே. ஒரு தடவை செத்தது போதும்.

பண்டிகை இரவு காலித் தட்டு வைப்போம். ஹன்கா, “இந்தத் தட்டு செத்துப்போன அப்பாவுக்கா அத்தை?” என்று கேட்டாள். செத்தவர்களுக்குத் தட்டு வைப்பதில்லை, தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் என்றேன். “அப்ப வின்சென்டி பெரியப்பாவுக்கு” என்று அவளே முடிவு செய்துவிட்டாள். பெரியப்பாவுக்குக் கரண்டி வேண்டுமே என்று நான் சொல்லாமலே கேட்டாள்.

உறைக்குள் அப்பம் இருக்கிறது. இந்த வருடம் மூலைகள் குறைவாக இருக்கும், தபாலில் உடைந்தது என்று நினைத்துவிடாதே. ஒன்று என்னுடையது. ஒன்றை, உன் அண்ணனுக்கு அனுப்புகிறேன் என்று நான் சொன்னதும், செவெரினா தானே வந்து உடைத்தாள். மூன்றாவது மூலையில் பல் பதிந்திருக்கும். கையால் உடைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. அது ஹன்கா.

புரோன்கா